மாறியிருக்கிறது என்று மட்டும்தான் தெரியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சருக்காகப் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பெங்களூருவில் யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து அப்படி என்னப்பா பண்றே?" என்று கேட்டேன். "வாட்ச்மேன் வேலைதான் டீச்சர்" என்று சிரித்தார். காபி ஆறும்வரை எனக்குப் பாடம் நடத்தினார்.

1988 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு மாணவர் எழுதிவிட்ட சின்ன நிரல், தானாகவே பரவி ஆயிரக்கணக்கான யூனிக்ஸ் கணினிகளைத் திணறடித்ததாம். அதற்குப் பிறகுதான் பலருக்கும் பாதுகாப்பு பற்றிய பயம் வந்தது. 1992இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் ஸ்பாஃபோர்டும் சேர்ந்து 'டிரிப்வயர்' என்ற மென்பொருளை எழுதினார்கள். நடக்கும் வழியில் காலில் தட்டுகிற மாதிரி கட்டிவைக்கும் கம்பிக்குத்தான் அந்தப் பெயர்.

உள்ளே நுழைகிற திருடன், உண்மையான கோப்பை எடுத்துவிட்டு அதே அளவு, அதே தேதி காட்டுகிற போலியை வைத்துவிடுவானாம். பார்த்தால் தெரியாது. அதனால் எல்லாம் சரியாக இருக்கும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிட்டு, யாரும் திருத்த முடியாத இடத்தில் வைத்துவிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். தினமும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

"அப்போ திருடனைக் கண்டுபிடிச்சிடலாம்" என்றேன்.

"இல்லைங்க டீச்சர். மாறியிருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். யார் மாத்தினாங்க, ஏன் மாத்தினாங்கன்னு சொல்லாது. நிறைய தடவை நாங்களே புது வெர்ஷன் போட்டுட்டு மறந்திருப்போம். அதனால முதல்ல எங்களையேதான் சந்தேகப்படணும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1991 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு. என் மதிப்பெண் பதிவேட்டில் ஒரு மாணவனின் கணக்கு மதிப்பெண் 33, 38 ஆகத் திருத்தப்பட்டிருந்தது. தேர்ச்சிக்கு 35. மதியம் வகுப்பில் தனியாக இருந்தவன் அவன்தான். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, 'திருடன்' என்று சொன்னேன். "நான் இல்லை டீச்சர்" என்று ஒரே ஒரு முறை சொன்னான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவன் அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மே மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அவனுடைய விடைத்தாள் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு, ஐந்து மதிப்பெண். முதலில் கூட்ட விட்டுவிட்டு, பிறகு நானே சேர்த்து, என் சிவப்பு மையில் 38 என்று எழுதியிருக்கிறேன். பதிவேட்டிலும் நானேதான் திருத்தியிருக்கிறேன். மறந்துபோனது நான், தண்டனை அவனுக்கு.

அந்தக் குடும்பம் எங்கே போனது என்று விசாரித்தேன், தெரியவில்லை. பிறகு வெட்கத்தில் விசாரிப்பதையும் விட்டுவிட்டேன். அதுதான் பெரிய தவறு.

இன்று சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களும் என் பட்டியலில் நிறைய இருக்கிறீர்கள். ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்தவுடன் யாரையும் கை நீட்டிக் காட்டாதீர்கள். முதலில் உங்கள் கையெழுத்தா என்று பாருங்கள்.

எல்லோர் முன்னாலும் பழி சொன்னேன். அதனால் எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு அவன் யாரென்று நினைவிருக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம். தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை மட்டும் அவனிடம் சேர்த்துவிடுங்கள்.

தம்பி, அந்த 38 உன்னுடையதுதான். என்னை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்