மருந்து அடிக்க வந்தவர்

மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்டத்துக்காகச் சொற்பொருள் மாற்றங்களை ஆராய்ந்துகொண்டிருப்பவள் நான். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதைக் குறித்து இருநூறு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு சொல்லால் ஒரு மனிதரின் உயிர் ஊசலாடியதைச் சென்ற வைகாசியில்தான் நேரில் கண்டேன். இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் நேரமின்மை அன்று, வெட்கம்.

எங்கள் வீடு ரேணிகுண்டாவில், விமான நிலையச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த புதிய மனைப்பிரிவில் இருக்கிறது. 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு மாறும்வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ரயில் நிலையத்தில் இரண்டும். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் கட்டிய வீடு அது. முன்புறத்தில் கால் சென்ட் நிலத்தில் கொரியன் புல் பதித்திருந்தார். பின்புறம் பாட்டியின் ஆட்சி. அங்கே தானாக முளைக்கும் மூக்கிரட்டை, குப்பைமேனி, பருப்புக்கீரை எதையும் அவர் களையென்று ஒப்புக்கொள்வதில்லை.

அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில் புல்தரையில் திட்டுத்திட்டாக மஞ்சள் படர்ந்தது. கறையான் என்றார் நாற்றங்கால்காரர்; ஒரு புட்டியையும் கையில் கொடுத்தார். குளோர்பைரிபாஸ், 20 விழுக்காடு. அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆகவே ஆள் ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். புத்தூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டுமொழி தமிழ், மூன்றாம் வகுப்புவரை தெலுங்குப் பள்ளி. மாந்தோப்புகளில் மருந்து அடிப்பதே தொழில். முதுகில் பதினாறு லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். முன்பெல்லாம் கைநெம்பு, இடக்கையால் அடித்துக்கொண்டே வலக்கையால் தெளிக்க வேண்டும். பேட்டரி வந்தபின் கைக்கு வலியில்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அந்த மகிழ்ச்சிக்குள் இருந்த ஆபத்து எனக்கு அப்போது விளங்கவில்லை. கைநெம்பில் கை சோர்ந்தால் தெளிப்பு நின்றுவிடும். பேட்டரிக்குச் சோர்வில்லை. மனிதன் களைத்தபின்னும் இயந்திரம் தெளித்துக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்கும் மனிதன் அந்தப் புகைபோன்ற துளிகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருப்பான்.

புட்டியை என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குது, கொஞ்சம் படிச்சுச் சொல்லு பாப்பா, எழுத்து பொடிசா இருக்குது" என்றார்.

நான் படித்தேன்; ஆனால் எதைப் படித்தேன்? ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்பதை மட்டும் பார்த்துச் சொன்னேன். "முகத்துல துணி கட்டிக்கோங்க மாமா" என்று சேர்த்துக்கொண்டேன். அடியில் சாய்சதுரத்தின் பாதியில் பளீரென்ற மஞ்சள் முக்கோணம் இருந்தது. அதற்குக் கீழே நஞ்சின் அறிகுறிகளும், நச்சுமுறி மருந்தின் பெயரும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் அச்சிடப்பட்டிருந்தன. மூன்று மொழியும் படிக்கத் தெரிந்தவள் நான். ஆய்வேட்டுத் திருத்தம் மேசையில் காத்திருந்தது. புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

வெயில் நாற்பது பாகையைத் தாண்டிய நாள். சட்டை நனையுமென்று கழற்றி வேப்பமரத்தில் மாட்டியிருந்தார். தொட்டியின் மூடி சரியாக இறுகாததால் கரைசல் முதுகில் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. புல்லை முடித்தபின், அம்மா சொன்னாரென்று செம்பருத்திக்கும் மல்லிகைப் பந்தலுக்கும் அண்ணாந்து அடித்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் துண்டும் நனைந்திருந்தது.

கூலி வாங்கிக்கொண்டு போனவர் மூன்று மணி நேரத்தில் தெருமுனைத் தேநீர்க்கடைத் திண்ணையில் சரிந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. ஓடினேன். உடலெல்லாம் வேர்வை, வாயோரம் எச்சில், வாந்தி. "கண்ணு மங்கலாத் தெரியுது பாப்பா" என்றார். ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அங்கேதான் என் படிப்பு என்னைக் கைவிட்டது. வாயிலில் இருந்த ஊழியர் என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டார். பதற்றத்தில் நான் சொன்ன இரண்டே சொற்கள்: "மந்து கொட்டாரு."

தெலுங்கு அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ் 'மருந்து'க்குத் தெலுங்கில் 'மந்து' உறவுச்சொல். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் ஒரே பதிவின்கீழ் வைக்கிறது. நோய்க்குத் தருவது மந்து. வயலில் தெளிப்பது மந்து. பேச்சுவழக்கில் சாராயமும் மந்துதான். 'கொட்டடம்' என்றால் அடித்தல். எனவே 'மந்து கொட்டாரு' என்பதற்குப் பூச்சிமருந்து தெளித்தார் என்றும் பொருள். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றும் பொருள். வியர்த்து, தள்ளாடி, வாந்தியெடுத்து நிற்கும் ஒரு கூலித்தொழிலாளியைப் பார்க்கும் கண்ணுக்கு அவ்விரண்டில் எது முதலில் தோன்றும்? ஊழியர் முகத்தைச் சுளித்து, ஓரமாக உட்காரவைக்கச் சொன்னார்.

பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். என் பிழை எனக்கு உறைத்ததும் ஓடிப்போய், "புருகுல மந்து" என்றேன், பூச்சிமருந்து. இப்போது அவர்கள் முகம் வேறு விதமாக மாறியது. எப்போது குடித்தார், ஏன் குடித்தார், வீட்டில் என்ன சண்டை, காவல்துறைக்குச் சொல்லியாயிற்றா என்று கேள்விகள். அந்தச் சொல்லுக்கு இந்நிலத்தில் செய்தித்தாள்கள் ஏற்றிவைத்த பொருள் அது. தமிழிலும் 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்றால் நமக்கு வேறொன்றும் தோன்றுவதில்லையே! உயிர்காப்பதையும் உயிர்போக்குவதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற நாம், வேலைசெய்ததனாலேயே ஒருவர் நஞ்சுண்டார் என்பதைச் சொல்ல மட்டும் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளவில்லை.

அம்மாவை அலைபேசியில் அழைத்துப் புட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இளம் மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்தார். நோயாளியின் கண்ணில் விளக்கடித்தார். கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. அதன்பின் ஒரு நொடியும் வீணாகவில்லை. உடைகளைக் கழற்றச் செய்து உடல் முழுவதும் சோப்பு நீரால் கழுவினார்கள். நரம்பில் அட்ரோபின் ஏறியது. அந்த முறிமருந்தின் பெயர் மதியம் நான் கையில் பிடித்திருந்த புட்டியின் மேலேயே இருந்தது.

நான்கு நாளில் அவர் வீடு திரும்பினார். நான்தான் திரும்ப முடியாமல் சட்டங்களையும் அறிக்கைகளையும் படிக்கத் தொடங்கினேன்.

1958இல் கேரளத்தில், ஒரே கப்பலில் ஏற்றிவந்த பாரத்தியான் கோதுமை மாவில் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் வழியேதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் விதிகளும் பிறந்தன. நான்கு முக்கோண நிறங்கள் அவ்விதிகளின் கொடை: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையைப் பார்த்தவுடன் பாதுகாப்பு என்று எண்ணிவிடுகிறோம். அதுவும் நஞ்சின் அளவுகோலில் ஒரு படியே. என்னை வியக்கவைத்த விதி இன்னொன்று. பூச்சிக்கொல்லிச் சீட்டில் 'பாதுகாப்பானது', 'நச்சற்றது', 'தீங்கற்றது' போன்ற சொற்களை அச்சிடக் கூடாது. 'சொன்னபடி பயன்படுத்தினால்' என்ற வாலைச் சேர்த்தும் அச்சிடக் கூடாது. சொல்லின் ஆபத்தை அறிந்த யாரோ எழுதிய விதி அது. ஆனால் சீட்டில் தடுக்கப்பட்ட ஆறுதல் முழுவதையும் நம் நாவில் 'மருந்து' என்ற ஒற்றைச் சொல் தந்துவிடுகிறதே. அதை எந்த விதி தடுக்கும்?

2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாளில் பருத்திக்குத் தெளித்த உழவர்களும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடி, வெப்பம், கலவை நஞ்சுகள் ஆகியவற்றோடு, மெல்லிய துளிகளை வேகமாக வீசும் விசைத் தெளிப்பான்களும் காரணமாகப் பேசப்பட்டன. அங்கே பயிர் என்ற கட்டாயமாவது இருந்தது. என் வீட்டில் என்ன கட்டாயம்? நிழற்படத்தில் புல் பச்சையாகத் தெரியவேண்டும் என்பதுதான்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஹட்சன் என்றொரு சிற்றூர் உண்டு. அலங்காரத்துக்காகப் புல்தரையில் நஞ்சு தெளிப்பதை 1991இல் அவ்வூர் தடை செய்தது. தெளிப்பு நிறுவனங்கள் வழக்காடின. 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே நின்றது. நான் வாங்கிவந்த அதே குளோர்பைரிபாஸின் வீட்டுப் பயன்பாடுகளை அனேகமாக முழுவதும் விலக்கிக்கொள்ள அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே உடன்பாடு ஆயிற்று. இவற்றைப் படிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆயிற்று. அந்த மாலைப்பொழுது ஏன் பத்து நாள் முன்னதாக வாய்க்கவில்லை என்பதே என்னை உறுத்துகிறது.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து தெளிப்பானின் மூடிக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார். மறுபடியும் வேலைக்குப் போகிறார் என்று தெரிந்தது. "மாமா, அது மருந்து இல்ல, விஷம். இனிமே விஷம்னே சொல்லுங்க" என்றேன். என் ஆய்வின் பயனை ஒரே வாக்கியத்தில் வழங்கிவிட்ட பெருமிதம் எனக்குள் கொஞ்சம் இருந்திருக்கும்.

அவர் சிரித்தார். "விஷம் அடிக்கிறேன்னு சொன்னா என்னை யாரு பாப்பா வேலைக்குக் கூப்பிடுவாங்க? எம் பொண்டாட்டிதான் என்னை அனுப்புவாளா?"

எனக்கு விடை கிடைக்கவில்லை. சொல் அறியாமையால் மட்டும் நிலைப்பதில்லை. பிழைப்பும் அதைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது. அவரைக் கூப்பிட்டவளும் நான்தான். அந்தச் சொல்லால் என் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டவளும் நான்தான். நீண்ட கைச்சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி ஆகியவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வெயிலில் அவற்றை அவர் எத்தனை நாள் அணிவார் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு ஆள் அழைத்துத் தெளிக்கச் செய்பவர்களுக்கு, கற்றவை நான்கைச் சொல்லிவிடுகிறேன். முதலில், தெளிக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் சீட்டு முழுவதையும், தெளிப்பவர் காதில் விழும்படி, அவருடைய மொழியில் படியுங்கள். தொட்டி கசிகிறதா என்று பாருங்கள். மேல் நனைந்தால் உடனே கழற்றிச் சோப்பிட்டுக் குளிக்க வையுங்கள். மயக்கமோ வாந்தியோ வந்தால் 108ஐ அழையுங்கள். புட்டியையோ அதன் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள். அங்கே 'மருந்து' என்று சொல்லாதீர்கள். இரசாயனத்தின் பெயரைச் சொல்லுங்கள். தெளித்தபோது உடலில் பட்டது என்று சொல்லுங்கள்.

நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. புல்லின் மஞ்சள் திட்டு நிழற்படத்தில் தெரியவே இல்லை. அதன்மேல் நாற்காலி போட்டிருந்தார்கள். பின்புறத்துக் கீரையைப் பாட்டி இரண்டு மாதம் தொடவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசியது என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு நினைவில்லை.

உங்கள் ஊரில் இந்த வேலையை எந்தச் சொல்லால் குறிக்கிறீர்கள்? மருந்து அடித்தல் அல்லாத சொல் எங்கேனும் வழங்கினால் எனக்கு எழுதுங்கள். இம்முறை ஆய்வேட்டுக்காகக் கேட்கவில்லை.