கரி எடுக்கும் கைகள்

கோவை கணபதிப் பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை அது. பானட்டைத் திறந்தபடி பழைய இன்னோவா ஒன்று நிற்கிறது. 2.5 லிட்டர் டீசல் என்ஜின், பல வருடம் வாடகைக்கு ஓடிய வண்டி. "மேடு ஏறுனா இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா, கரும்புகை வேற" என்கிறார் டிரைவர். டர்போ போய்விட்டது என்று யாரோ அவரைப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். மெக்கானிக் டர்போ பக்கமே போகவில்லை. ஏர் ஹோஸைக் கழற்றி, இன்டேக் வாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கணு வரை கறுப்பு.

மேனிஃபோல்டைக் கழற்றி மேஜையில் வைத்ததும் காரணம் விளங்கிவிட்டது. நான்கு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் அலுமினியக் குழாய் அது. உள்ளே எண்ணெய்ச் செக்கின் அடியில் தங்கிய கசடு போலக் கெட்டியான கரி. காற்றுக்கு மிஞ்சியிருந்தது பாதி வழிகூட இல்லை. டீசல் குறையாமல் வந்து காற்று மட்டும் குறைந்தால் எரியாத மிச்சம்தான் கரும்புகை.

என்ஜினுக்குள் வெப்பம் மிகும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சு ஆக்சைடுகளாக மாறுகிறது. அதைக் குறைக்கத்தான் வெளியேறும் புகையில் ஒரு பங்கை இ.ஜி.ஆர். வால்வு மறுபடி உள்ளே விடுகிறது. புகையோடு கரியும் வரும். கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆவியில் ஆயில் துளிகள் இருக்கும். இரண்டும் சேர்ந்து சுவரில் ஒட்டுகின்றன. பழைய பெட்ரோல் என்ஜின்களில் இன்டேக் வழியே தெறிக்கும் பெட்ரோலாவது வால்வுகளைக் கொஞ்சம் கழுவிவிடும். டீசலில் அதுவும் கிடையாது. ஏ.சி. போட்டு ஐடிலிங்கில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் வாடகை வண்டிகளில் இந்த அடைப்பு சீக்கிரமே வருகிறது.

ஸ்பிரே அடித்து அரை மணியில் முடிக்கிறேன் என்பவர்கள் உண்டு. இவ்வளவு கெட்டியான கரிக்கு அது போதாது. இங்கே மேனிஃபோல்டு ராத்திரி முழுக்க டீசலில் ஊறுகிறது. இரும்புச் சாமான்களை வேகவைக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டி பக்கத்திலேயே இருந்தாலும் அதில் போடமாட்டார்கள். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். காலையில் உதவியாளர் தம்பி பழைய பிரேக் கேபிளின் நுனியைப் பிரித்து விரித்தார். அதை டிரில்லில் மாட்டி, பிரஷ் போகாத வளைவுக்குள் விட்டுச் சுழற்றினார். கரி செதில் செதிலாக வந்து விழுந்தது. அந்தக் கருவி கடையில் வாங்கியதல்ல.

என்ஜின் பக்கத்து வேலையை மெக்கானிக் வேறு யாரிடமும் விடவில்லை. கிராங்க்கை ஸ்பேனரால் திருப்பி, ஒரு சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் மூடியதை டார்ச் அடித்துப் பார்த்த பிறகே சுரண்டினார். மற்ற வாய்களில் துணி அடைத்திருந்தது. சுரண்டியதை அங்கங்கே வேக்குவம் வைத்து உறிஞ்சினார். ஒரு கரிக்கட்டி உள்ளே விழுந்தால் செலவு பல மடங்காகிவிடும்.

தம்பி வெறுங்கையோடு சுரண்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் புகையின் கரியைத்தான் இவர்கள் நகக்கண்ணில் சுமக்கிறார்கள். கையுறையும் முகமூடியும் பில்லில் ஒரு வரியாக வரட்டும், வண்டிக்காரர்கள் கொடுக்கட்டும்.

"இதுக்கு இ.ஜி.ஆரையே தகடு வெச்சு அடைச்சுட்டா என்னங்கண்ணா?" என்று டிரைவர் கேட்டார். பல இடங்களில் உடனே செய்து கொடுத்துவிடுவார்கள். "அடைச்சா இங்க கரி சேராதுங்க. ஆனா அந்த விஷமெல்லாம் ரோட்டுல நிக்கறவங்க மூக்குக்குத்தானுங்க போகும்" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் வால்வையும் கழுவிப் பொருத்தினார். சுத்தம் செய்யும் இந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் ஊர்க் காற்றைக் கெடுக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கழுவிய மேனிஃபோல்டைக் கம்ப்ரஸர் காற்றில் சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தினார்கள். டீசல் தேங்கியிருந்தால் என்ஜின் அதையும் குடித்து, ஆக்சிலரேட்டருக்கு அடங்காமல் ஓடும். புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சால் முறுக்கினார்கள். டிரையல் போய் வந்த டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை. மெக்கானிக் ஜன்னலோரம் குனிந்து சொன்னார்: "டாப் கியர்ல முக்கி முனக விடாதீங்க. வாரம் ஒருக்காவாச்சும் பைபாஸ்ல நல்லா இழுத்து ஓட்டுங்க. அடுத்த ஆயில் சர்வீஸுக்கு வர்றப்ப ஹோஸைக் கழட்டி ஒருக்கா பாத்துருவோம்."