தேரிக்கு ஒரு ஜீப்



"இந்த வயசுல எதுக்கு சார் பழைய ஜீப்?" என்று கேட்கிறீர்கள். பெரியக்காவுக்கு முட்டுவலி. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரிக்குக் குடும்பத்தோடு போனால், செம்மணலில் நடக்க முடியாமல் வேனிலேயே இருந்துவிடுகிறாள். அதனால்தான் நானும் மருமகனும் அந்த மகிந்திராவை ஆய்க்குடி வீட்டு முற்றத்தில் பிரித்து மாட்டுகிறோம்.

அவர் பெரிய எஞ்சின் போடலாம் என்றார். நான் அகலமான டயர் போதும் என்றேன். எட்டாம் வகுப்பில் நடத்தியதுதானே: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். ஒட்டகத்தின் பாதம் ஞாபகம் இருக்கிறதா? காற்றை 30 பாயிண்டிலிருந்து 18-க்கு இறக்கினால் டயர் பரந்து, மணலில் புதையாது. தார் ரோடு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும்.

மேட்டில் ஏற்ற மாட்டோம். பனையும் கொல்லாமரமும் பிடித்து வைத்திருக்கும் மணல் அது, வண்டித்தடத்தோடு சரி.

அக்கா ஏற ஒரு படியும் கைப்பிடியும் பாக்கி. நம்ம பையன்களில் வெல்டிங் தெரிந்தவர் யாரப்பா?