வாகைகுளத்திலிருந்து மோகன்பாரிக்கு

தூத்துக்குடிக்கும் அசாமின் திப்ருகருக்கும் எவ்வளவு தூரம் என்று கைபேசியில் தட்டினால் சட்டென்று பதில் வரும்: நேர்க்கோட்டில் சுமார் 2,745 கி.மீ., விமானத்தில் மூன்றே முக்கால் மணி நேரம். தூரம் சரி. நேரம்தான் வெறும் கணக்கு. இரண்டு ஊருக்கும் நேரடி விமானமே கிடையாது.

மகளைப் பார்க்கப் போன தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவருக்கு இது டிக்கெட் எடுக்கும்போதுதான் தெரிந்தது. மருமகன் திப்ருகரில் தேயிலைத் தோட்ட மேலாளர். டிசம்பர் மாதத்தில் ஒருநாள், காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர் கையில் ஒரு மக்ரூன் டப்பா. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தப் பண்டம் விரல் பட்டாலே நொறுங்கும். பெட்டிக்குள் போட மனம் வருமா?

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் ஓடுதளத்தின் நீளம் வெகுகாலம் 1,350 மீட்டராகவே இருந்தது. பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதவில்லை. அதனால்தான் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானங்களோடு ஊர் திருப்திப்பட்டுக்கொண்டது. சென்னை வரை சுமார் 530 கி.மீ.; ஒன்றரை மணி நேரம். அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல, விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் அடுத்த ஊரில் போய் நிற்பதுவரை.

சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கு மேலே கொல்கத்தா, ஏறத்தாழ 1,385 கி.மீ. அங்கிருந்து திப்ருகர் 850. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நேர்க்கோட்டைவிடச் சுமார் 20 கி.மீ.தான் கூடுதல்! இரண்டு ஊரில் இறங்கி ஏறியும் பாதை வளையவே இல்லை. விமானத்தில் கழிந்தது ஐந்தரை மணி நேரம். மிச்சம் ஐந்தேகால் மணி நேரத்தைப் பாதுகாப்புச் சோதனையும் நாற்காலியும் காபியும் தின்றுவிட்டன.

தரைவழி வேறு கதை. கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் கேரளம் வழியாகச் சுற்றி, ஆந்திரக் கடலோரமாக ஏறி, வங்கதேசத்தைத் தொடாமல் சிலிகுரியின் ‘கோழிக்கழுத்து’ எனும் ஒடுங்கிய நிலப்பகுதி வழியாக நுழைந்து போகிறது. சுமார் 4,190 கி.மீ.; மூன்று நாளுக்கும் மேல்.

திப்ருகர் விமான நிலையம் இருக்கும் மோகன்பாரிக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில், அமெரிக்க விமானங்கள் மலைகளைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோன தளங்களில் அதுவும் ஒன்று. விமானிகள் அந்த வழியை ‘ஹம்ப்’ என்றார்கள். கூன் என்று பொருள்.

அண்ணாச்சி வெளியே வந்தபோது மணி நாலே கால். சூரியன் விழுந்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் அந்த மாதம் ஆறு மணிக்குத்தான் அஸ்தமனம். கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தவரிடம் மருமகன் சிரித்தார்: “தோட்டத்துல இப்ப அஞ்சேகால் மாமா!” இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் 17 பாகை வித்தியாசம், சூரியக் கணக்கில் 68 நிமிடம். நாடு முழுக்க ஒரே நேரம் என்றாலும், அசாம் தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரு மணி நேரம் முன்னால் நடக்கும் ‘பாகான் டைம்’ வைத்திருக்கின்றன.

இந்த வழியில் போகிறவர்கள் மூன்று விமானத்தையும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். கிலோமீட்டரை விட்டுவிட்டு, கொல்கத்தாவில் எத்தனை மணி நேரக் காத்திருப்பு என்று பாருங்கள். குளிர்காலமென்றால் ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். கார் ஏறுவதற்குள் இருட்டிவிடும்.