கேஜ் காட்டாத பாதி

குளச்சல் கரையில் பழைய எஞ்சின் ஒன்று கைமாறும்போது, விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே அதைப் பட்டறைக்குத் தூக்கி வருகிறார்கள். நான் போயிருந்த காலையில் வந்தது மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். 1980களில் குமரிக் கரையின் வள்ளங்களிலும் ஒட்டுப்பலகைப் படகுகளிலும் மோட்டார் பரவத் தொடங்கியபோது வந்து சேர்ந்த வகை இது. எடை குறைவு, கயிற்றை இழுத்தால் கிளம்பும், ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடக்கலாம்.

மெக்கானிக் அறுபதை நெருங்கியவர். எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் மாட்டி, பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவிட்டார். சூடேறாத எஞ்சினில் அளவெடுப்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அளப்பதற்குச் சற்று முன்பு பிளக் துளைக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றிவைத்தால், தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் சிறிது நேரம் நல்ல ரிங்போல அழுத்தம் பிடிக்கும். நன்றாக ஓடவிட்டால் அந்த ஆயில் எரிந்துவிடும்.

இரண்டு பிளக்கும் வெளியே வந்தன. த்ராட்டிலை முழுவதும் திறந்து, கம்ப்ரஷன் கேஜைத் திருகி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை உதவியாள் பையன் கயிற்றை இழுத்தான். மண்ணெண்ணெய் எஞ்சினில் அழுத்த விகிதமே குறைவு. அதனால் எண் சற்றுத் தாழ்ந்திருந்தால் பயமில்லை. இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் கவலை. இதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. வாங்க வந்தவர் முகம் மலர்ந்தது.

"இது மேல்பாதி மட்டுந்தான் அண்ணே," என்றார் மெக்கானிக்.

நான் அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் தொட்டி அடியில் கிடையாது. எரிபொருளும் அதில் கலந்த ஆயிலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் அறைக்குள் போகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அங்கே அமுங்கி, பக்கவழிகளாக மேலே ஏறுகின்றன. ஆக, அந்தக் கீழறையும் ஒரு பம்ப். அதன் சீல் கிழிந்தாலும் ரீட் வால்வின் தகடு விளிம்பில் உடைந்தாலும் கேஜ் ஒன்றும் சொல்லாது. சீல் வழியாக வெளிக்காற்று புகுந்தால் கலவை நீர்த்துப்போகும். ஆயிலும் அந்த அளவுக்குக் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அப்படிப் பிடித்தால், படகில் இருப்பவர்களுக்கு அடுத்த வள்ளம் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை.

ஃப்ளைவீலை இரு கைகளாலும் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை; அவருக்குத் தெரிந்தது. மேல் பேரிங் ஆடுகிறதாம். கார்பரேட்டரைக் கழற்றி ரீட் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்தார். அவை நன்றாக இருந்தன. பிறகு, விற்பவரின் சம்மதம் கேட்டு, பவர் ஹெட்டையே பிரித்தார்.

பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மெல்லிய நெடுங்கோடுகள். விரல் நகம் அவற்றில் தடுக்கவில்லை, ஆகவே பிஸ்டன் தேறும். ரிங்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையாலேயே நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தார். அது புது ரிங்கில் மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான் இருக்கும், இதில் கூடியிருந்தது. சிலிண்டர் துளையை (போர்) மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக அளந்ததில் ரீபோர் தேவைப்படவில்லை.

குறை கிராங்க்கில்தான் இருந்தது. கனெக்டிங் ராடைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடலாம்; மேலும் கீழுமாக இழுத்தால் துளியும் ஆடக்கூடாது. இரண்டாவது ராடு ஆடியது. இழுக்கும் ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு தட்டல். உப்புத் தண்ணீர் உள்ளே போன எஞ்சினை உடனே கழுவி ஆயில் விடாமல் போட்டு வைத்திருந்தால் ஊசி உருளைகள் நின்ற இடத்திலேயே துருப் பிடிக்கும்; மறுபடி ஓடும்போது அந்தத் துரு பேரிங்கை அரிக்கும். "மக்கா, இந்தச் சத்தத்தை மறந்துராத," என்று பையனிடம் ராடைக் கொடுத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தான். மண்ணெண்ணெயில் ஊறி ஊறி அவன் விரல் நுனிகள் இப்போதே வெடித்திருக்கின்றன. இந்தக் காதும் கையும் எந்தச் சான்றிதழிலும் ஏறாமல் இருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. கடலுக்குப் போகிறவரின் உயிர் இவர்கள் தீர்ப்பை நம்பி இருக்கிறது.

"நேத்துகூட நல்லா ஓடிச்சே," என்றார் விற்பவர்.

"இன்னைக்கும் ஓடும் அண்ணே. ஆனா இப்படியே கடலுக்கு விட்டா பொறுப்பு நான் ஏக்க மாட்டேன்."

கிராங்க்கை அழுத்தியந்திரத்தில் பிரித்துப் புது ராடும் பேரிங்கும் ஏற்ற வேண்டும். சேர்த்த பின் கோணல் இல்லாமல் சுழல்கிறதா என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். சீல்கள் எல்லாம் புதிது. அந்தச் செலவை விலையில் கழிக்க விற்பவர் சம்மதித்தார். ரிங்குகளை வாங்குபவர் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது.