அந்தக் குரல் எங்கே நின்று பாடுகிறது?

பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மார்கழி விடியற்காலையில் எங்கள் மரக்காணம் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் இரண்டு மூன்று கோயில் ஒலிபெருக்கியாவது காதில் விழும். இப்போது வருகிற பக்திப் பாட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பாடுவது சிவனை. குரல் நிற்பதோ ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய தேவாலயத்துக்குள். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாடியவர் உண்மையில் ஒரு மாடி அறையில், நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டிய இடத்தில் பாடியிருப்பார். அதன்மேல் கணினியில் 'ரிவர்ப்' என்று ஒன்றைத் தாராளமாக ஊற்றிவிட்டார்கள். சாம்பார் சரியில்லை என்றால் நெய்யை ஊற்றுவது போல.

இந்த ரிவர்ப்பில்தான் நாலு மாதமாக நானும் கிடக்கிறேன். நான் இசை படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு ஒலி, ஒளி, வெப்பம் நடத்தியவன், அவ்வளவுதான். என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது புதுச்சேரியில் ஒலிப்பதிவு வேலை செய்கிறான். எங்கள் ஊரில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். சின்ன வயதிலிருந்து உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பு வாரும்போது பாடுகிற பாட்டு ஒன்று, மார்கழி பஜனைப் பாட்டு ஒன்று, தாலாட்டு ஒன்று, மூன்றையும் அவர் பாட நாங்கள் பதிவு செய்தோம். அவரோடு சேர்ந்து உப்பு வாரிய கூட்டத்தில் அந்தப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர் இன்று அவர் ஒருவர்தான். போன மழைக்காலத்திலிருந்து இருமல் வேறு. இரண்டு வரி பாடினால் மூச்சு வாங்குகிறது. இன்னொரு முறை பாடச் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை.

உப்பளத்திலேயே பதிவு செய்யப் பார்த்தோம். கடற்காற்று மைக்கில் மோதி 'புசு புசு' என்கிறது, குரலே இல்லை. அதனால் காரில் புதுச்சேரிக்கு அழைத்துப்போய், பையனுடைய பஞ்சு அறையில் பாட வைத்தோம். குரல் பளிச்சென்று வந்தது. ஆனால் அது எந்த இடத்துக் குரலும் இல்லை. காதுக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி இருந்தது. இப்போது அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். எந்த இடம்? அதுதான் கேள்வி.

அறிவியல் வகுப்பு கொஞ்சம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டருக்கு அப்பால் ஒரு சுவர் இருந்தால் போய்த் திரும்பி வர பத்தில் ஒரு நொடி. அதற்கு மேல் என்றால் காது அதைத் தனியாகக் கேட்கும், எதிரொலி என்போம். அதற்குள் திரும்பி வருபவை தனியாகக் கேட்காது, மூலக் குரலோடு ஒட்டிக்கொள்ளும். சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் பட்டுப் பட்டு நூற்றுக்கணக்கில் வந்து கலந்து தேய்ந்து மறைவதைத்தான் பாடப்புத்தகம் எதிர்முழக்கம் என்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் ரிவர்ப் என்கிறார்கள்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஒரு புது விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று அவரிடம் விட்டார்கள். பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை வைத்து அளந்தார். ஒலியை விழுங்குவதற்கு அவர் வைத்த அளவு என்ன தெரியுமா? திறந்த ஜன்னல்! ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாது அல்லவா, அதுதான் முழு விழுங்கல். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த விழுங்கலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் வந்துவிடும்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 மீட்டருக்கு 6 மீட்டர், 3.3 மீட்டர் உயரமுள்ள ஒரு வகுப்பறை. கன அளவு ஏறக்குறைய 119. பூசிய சுவர், சிமெண்ட் தரை, கான்கிரீட் கூரை எல்லாம் சேர்ந்து விழுங்குவது நாலரை அலகு என்று வையுங்கள். கதவு ஜன்னலை மூடினால் நாலு நொடிக்கு மேல் முழங்கும். நாலு சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்தால் இரண்டே கால் நொடி. 40 பிள்ளைகளை உட்கார வைத்தால், பிள்ளைக்கு 0.3 என்று கொண்டாலும், ஒரு நொடிக்குள் வந்துவிடும். பிள்ளைகள் வராத நாளில் வகுப்பறை ஏன் அப்படிக் கூவுகிறது என்பதற்கு இதுதான் விடை.

சரி, கணினி இதை எப்படிச் செய்கிறது? இரண்டு வழி. ஒன்று கணக்கு வழி. 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் காட்டிய வழி அது. குரலைத் தாமதித்துத் தாமதித்துத் தன்னோடேயே கலந்து ஒரு கற்பனை அறையை உண்டாக்குவது. இன்னொன்று பதிவு வழி. உண்மையான இடத்தில் பலூன் உடைத்தோ, கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை வழுக்கிக்கொண்டு போகும் ஓர் ஒலியை எழுப்பியோ, அந்த இடம் கொடுக்கும் பதிலைப் பதிவு செய்துவிடுவது. பிறகு எந்தக் குரலையும் அந்தப் பதிலோடு பெருக்கி எடுக்கலாம். 'கன்வல்யூஷன்' என்று பெயர். பதிவு செய்த பதிலுக்கு 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்'. ஓர் இடத்தின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இஸ்தான்புல் ஹாகியா சோஃபியாவில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இப்படித்தான் பலூன் உடைத்துப் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஒலி அடங்கச் சுமார் 11 நொடி ஆகும். அந்தக் கைரேகையை வைத்து அமெரிக்காவில் உட்கார்ந்து பாடிய பாட்டுகள் 2019-இல் இசைத்தட்டாக வந்தன. நம் நாட்டில் பழைய கதை ஒன்று உண்டு. பால் ஹார்ன் என்ற புல்லாங்குழல்காரர் 1968-இல் தாஜ்மஹாலுக்குள்ளேயே ராத்திரி போய் வாசித்துப் பதிவு செய்தார். கணினி வேலையே இல்லை, இடமே வாசித்தது. அங்கே காவலாளி குரல் கொடுத்ததும் அந்தப் பதிவில் இருக்கிறது.

இனி எங்கள் கதை. பையன் முதலில் உப்புப் பாட்டை மூன்று விதமாகச் செய்து அனுப்பினான். ஒன்றில் வல்ஹல்லா சூப்பர்மேசிவ் என்ற இலவச பிளக்இன். பெயருக்கேற்ப அண்டவெளியில் பாடுகிற மாதிரி இருந்தது. அது உண்மையான இடத்துக்காகச் செய்ததே இல்லை, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது டிராகன்ஃபிளை, இதுவும் இலவசம், நல்ல நயமான கச்சேரி மண்டபம். மூன்றாவது, ஆல்ட்டிவெர்ப். இந்தப் பதிவு வழிக்குப் பேர்போன டச்சுக்காரர்களின் மென்பொருள், விலை நமக்கு எட்டாது, பையன் நண்பனுடைய கணினியில் செய்தான். ஐரோப்பிய தேவாலயம் ஒன்று. கேட்க அருமை. எனக்கே ஒரு நிமிடம் கண்ணை மூடத் தோன்றியது.

அந்த அம்மாவிடம் ஹெட்போனை மாட்டி மூன்றையும் கேட்க வைத்தேன். முதல் இரண்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஓடும்போது ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாரு வாத்தியாரே இது, கெணத்துக்குள்ள வுழுந்துட்டுப் பாடறா?" என்றார். "நீங்கதாம்மா" என்றேன். "நான் எதுக்குக் கெணத்துல பாடப்போறேன்? வெட்டவெளில இல்ல பாடுனேன்" என்றார்.

நான் நடத்திய பாடத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். யோசித்துப் பாருங்கள். உப்பளம் என்பது என்ன? கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி, அதற்கப்பால் கழுவேலி, மேலே வானம். சபைன் கணக்கில் உப்பளம் முழுக்கத் திறந்த ஜன்னல். திரும்பி வர எதுவும் இல்லை. தரையில் இருக்கும் உப்புநீரில் பட்டு ஒரே ஒரு பிரதிபலிப்பு உடனே வரும். தள்ளி ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலில் பட்டு லேசாக ஒன்று வரலாம். வால் என்பதே கிடையாது. அந்தப் பாட்டில் ஒவ்வொரு வரியும் கடைசியில் நீட்டி இழுத்துப் பாடப்படுகிறது. ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடம் வாலைக் கொடுக்கவில்லை, அதனால் பாடுகிறவர்கள் தாங்களே வாலைப் போட்டுக்கொண்டார்கள். அந்த வாலின்மேல் இயந்திர வாலையும் ஒட்டினால் என்ன மிஞ்சும்?

எனவே அந்தப் பாட்டுக்கு ரிவர்ப்பே போடவில்லை. 'டிலே' என்ற எளிய கருவியில் மெல்லிய பிரதிபலிப்பு இரண்டு மட்டும். கூர்மையான ஒலியைத் துளி குறைத்தோம், தூரத்திலிருந்து கேட்டால் காற்று அதைத்தான் முதலில் தின்னும். பிறகு விடியற்காலை உப்பளத்துக்குப் போய், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, உப்பு வாரும் பலகை உரசுகிற சத்தம், தூரத்து மோட்டார், பறவைகள் எல்லாவற்றையும் பத்து நிமிடம் பதிவு செய்து குரலுக்கு அடியில் மெதுவாக வைத்தோம். திறந்த வெளியைக் காட்டுவது இந்தச் சத்தங்கள்தான்.

பஜனைப் பாட்டு வேறு கதை. எங்கள் ஊர் பூமீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அங்கே போய்ச் சும்மா ஒரு கை தட்டிப் பார்த்தேன். கருங்கல் என்றதும் நீளமாக முழங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. மண்டபம் தாழ்வு, தூண்கள் நெருக்கம், பக்கம் திறந்து முற்றம். 'டப்' என்று கெட்டியாக உடனே திரும்பி, ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. கருவறைப் பக்கம் திரும்பித் தட்டினால் மட்டும் அடியில் ஒரு கனத்த ஓசை. இந்த 'உடனே திரும்புவது'தான் இடத்தின் முகம். வால் எவ்வளவு நீளம் என்பதைவிட, முதல் பத்திருபது பிரதிபலிப்பு எப்போது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் காது இடத்தை அறிகிறது. பிளக்இன் பார்ப்பவர்கள் டீகே என்ற நீளத் திருகை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். 'ஏர்லி ரிஃப்ளெக்‌ஷன்', 'ப்ரீ டிலே' இரண்டையும் முதலில் பாருங்கள். சுவர் 5 மீட்டரில் இருந்தால் போய்வர 10 மீட்டர், அதாவது 30 மில்லிநொடி. மண்டபத்தை அடி வைத்து அளந்து அதையே எண்ணாகப் போட்டோம். டிராகன்ஃபிளையில் 'ரூம்' போதுமானதாக இருந்தது, காசு செலவில்லை.

தாலாட்டுதான் படுத்தியது. அது பாடப்பட்டது மண் சுவர், கீற்றுக் கூரைக் குடிசையில். கீற்று ஒலியைக் குடித்துவிடும், மண் சுவரும் அவ்வளவாகத் திருப்பாது. இங்கிலாந்து யார்க் பல்கலைக்கழகத்தார் உலகத்து இடங்களின் கைரேகைகளை 'ஓப்பன்ஏர்' என்ற பெயரில் இலவசமாக வைத்திருக்கிறார்கள், தேவாலயம், குகை, காடு கூட உண்டு. எங்கள் குடிசையை எங்கே தேடுவது? அந்த அம்மா இப்போது இருப்பது கான்கிரீட் வீடு. ஊரில் விசாரித்து, பம்ப்செட் பக்கத்தில் இன்னும் நிற்கிற ஒரு மண்சுவர்க் கொட்டகையைப் பிடித்தோம்.

10 பலூன் வாங்கிப் போனேன். பலூனைத் தாய் உட்காரும் இடத்தில் பிடிக்க வேண்டும், பதிவுக் கருவி பிள்ளை படுக்கும் இடத்தில். செல்போனில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி, இரைச்சல் நீக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் புத்திசாலி போன் வாலை வெட்டிவிடும். பதிவு அளவைக் குறைத்து வையுங்கள், பலூன் வெடிப்பு எதிர்பார்ப்பதைவிடப் பெரிசு. முதல் பலூனுக்கே பக்கத்து நாய் ஓடிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்த வேண்டியிருந்தது, உள்ளே விட்டால் அவர்களும் ஒலியை விழுங்குவார்கள். "சார், எதுக்கு சார் பலூன வாங்கி நீங்களே ஒடைக்கிறீங்க?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. மீதி 4 பலூன் அவர்களுக்குப் போனது.

வந்த பதில் கண்மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. பையன் அதைத் தாலாட்டோடு சேர்த்துப் போட்டுக் காட்டினான். கலந்தது தெரியவில்லை, எடுத்துவிட்டால் மட்டும் குரல் மறுபடி பஞ்சு அறைக்குப் போய்விடுகிறது. அந்த அம்மா கேட்டுவிட்டு ரிவர்ப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த புயல் மழையில் கூரை பிய்த்துக்கொண்டு போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம்.

மூன்று பாட்டும் பேத்திக்கு அனுப்பியாகிவிட்டது. அம்மா சம்மதம் சொன்னதும் இங்கேயும் போடுகிறேன். அந்தக் கொட்டகையின் கைரேகைக் கோப்பு மிகச் சிறியது, யாருக்காவது கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு குரலை வைக்க வேண்டியிருந்தால் கேளுங்கள், இலவசமாகவே அனுப்புகிறேன். உங்கள் ஊரில் ஓட்டு வீடு, திண்ணை, நெல் குதிர் இருந்த அறை என்று ஏதாவது நின்றுகொண்டிருந்தால், இடிப்பதற்கு முன்னால் ஒரு பலூன் உடைத்துப் பதிவு செய்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஓட்டு வீடு ஒன்று உடனடியாகத் தேவைப்படுகிறது, அடுத்து ஒரு தாத்தா தெருக்கூத்துப் பாட்டு பாடுவதாகச் சொல்லியிருக்கிறார்.