அப்பாவின் காருக்கு ஒரு கொளுக்கி

எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நிற்கும் காரை அன்பர்கள் சிலர் பதுளை வீதிகளிற் கண்டிருக்கலாம். இருவர் மாத்திரமே அமரக்கூடியது, கூரை துணியாலானது, பசறை பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் அதன் புகைக்குழாய் ஓட்டுபவனின் மூக்குக்கு நேரே இருக்கும். 1965ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அபிங்டனில் உருவான எம்.ஜி. மிட்ஜட். இவ்வண்டியின் வாலில் டிரெயிலர் கொளுவ எண்ணுபவன் பித்தனாயிருக்க வேண்டும். அன்றேல் போக்கிடமற்றவனாயிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நான் இரண்டாவது வகையினனாயிருந்தேன்.

அப்பா நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் இயந்திரங்களைப் பராமரித்து வந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, தாயகம் திரும்பவிருந்த துரை ஒருவர் ஓடாமற் கிடந்த இக்காரை மலிவாகக் கொடுத்தார். மலிவு என்பது துரைமார் கணக்கு. எங்கள் கணக்கில், அக்காவின் கலியாணத்துக்கென்று அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் முழுவதும் அதிற் போயிற்று. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. கொழுந்துக் கூடை சுமக்கத் தொடங்கி இரண்டு வருடமாகியிருந்தது. பணத்தைத் திருப்பி வைப்பதாக அப்பா சொன்னார். அவர் பொய்யர் அல்லர். ஆயினும் திருப்பி வைக்கவில்லை.

நான் படித்து ஆசிரியனாகிப் பதுளைக்கு வந்தேன். கார் என்னுடன் வந்தது. அக்கா அதே மலையில் வாழ்க்கைப்பட்டு லயத்திலேயே தங்கிவிட்டாள். நாற்பத்தேழு வருடத்தில் ஒருமுறையேனும் அவள் அதில் ஏறியதில்லை. இருக்கை இரண்டு, அப்பாவும் நானும் இருந்தோம். அப்பா கண்மூடுமுன் என்னிடம் கேட்டுக்கொண்டதும் காரைப் பற்றித்தான்: "இதன் உடம்பில் ஓர் ஓட்டையும் போட்டுவிடாதே."

அவ்வருடம் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் வெடிப்புக் கண்டது. வருடக் கடைசி மழைக்கு முன் குடியிருப்போர் வெளியேற வேண்டுமென்று அதிகாரிகள் கூறிச் சென்றனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்த காலை முதல், எங்கள் மலைநாட்டில் அத்தகைய எச்சரிக்கையை எவரும் அலட்சியம் செய்வதில்லை. ஆனால் சாமான்களை எதில் ஏற்றுவது? லொறி வாடகை எட்டாத உயரத்தில் இருந்தது. அக்காவின் மகனுடைய முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலே பங்கீடு. காருக்கோ 20 லீற்றர். ஸ்ரீ எழுத்துத் தகடு பூண்ட எங்கள் கிழக்காரும் அரசாங்கத்தின் கண்ணுக்குக் கார்தான் அல்லவா? கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நண்பரொருவர், மின்பிறப்பாக்கி ஏற்றும் தமது ஒற்றை அச்சு டிரெயிலரைத் தந்துதவினார். எரிபொருள் இன்றி அவர் தொழிலும் படுத்திருந்தது.

மிட்ஜட்டுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. மடித்த தகடுகளே அதன் எலும்பு. டிக்கித் தளத்தில் வெறுமனே கொளுக்கியைப் பூட்டினால் முதல் ஏற்றத்திலேயே தகடு கிழிந்துவிடும். ஆதலால் வெல்டிங் பாஸ், தளத்தின் உட்புறத்தில் அகன்ற இரும்புத் தகடொன்றை வைத்து, பின் வில்கள் உடலைப் பற்றும் உறுதியான இடங்கள் வரை இரு கைகளை நீட்டினார். அடியில் இருப்பதோ பெற்றோல் தாங்கி! அதனைக் கழற்றி, அருமைப் பெற்றோலை வடித்துத் தூரத்தில் வைத்த பின்னரே வேலை தொடங்கிற்று. துளைக்கும் கருவியை அவர் என் கையில் தந்து, "முதல் ஓட்டையை நீங்களே போடுங்கள், மாஸ்டர்" என்றார். போட்டேன். மற்ற ஐந்தையும் அவரே போட்டார்.

டிரெயிலரின் சிவப்பு விளக்குகள் எரிய மறுத்தன. அக்காலத்து ஆங்கிலக் கார்களில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும், இக்காலத்து எல்.ஈ.டி. விளக்குகளுக்கு அது தலைகீழ். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் சென்றது.

முதல் நடையில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே புண்ணியம். இறக்கத்து வளைவொன்றில் டிரெயிலர் நாய்வால்போல் ஆடத் தொடங்கி எங்களை வடிகான் வரை தள்ளிற்று. மறுநாள் இதைக் கேட்ட அக்கா, ஏற்றிய பாரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள்.

"பாரம் பின்னுக்கு இருக்கிறது, தம்பி. கூடையை இப்படிக் கட்டினால் கயிறு நெற்றியை மேலே இழுத்துவிடும்."

கொழுந்து மடுவத்துத் தொங்கு தராசில் டிரெயிலரின் மூக்கை மாட்டி நிறுத்தோம். சுமார் 150 கிலோ பாரத்துக்கு மூக்கில் 5 கிலோ கூட இல்லை. ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு முன்னே அழுத்த வேண்டும் என்பது பரவலாக எழுதப்பட்ட விதி. அக்கா அதைப் படித்தவள் அல்லள். அம்மியை அச்சுக்கு மேலும், தையல் இயந்திரத்தை அதற்கு முன்னும் நகர்த்தச் செய்தாள். தராசு 14 காட்டிற்று. அதன்பின் வால் ஆடவில்லை. இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரிலேயே வந்தேன்.

இரு வாரங்களில் நான்கு நடை. கடைசி நடையில் கோழிக்கூடும் அக்காவும் எஞ்சினர். கூடு டிரெயிலரில் ஏறிற்று. அக்கா அப்பாவின் இருக்கையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அமர்ந்தாள். பசறைச் சந்தி கடக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பின்னர் தோல் இருக்கையைக் கையாற் தடவிப் பார்த்து, "இதற்குத்தானா அம்மா அத்தனை வருடம் சீட்டுக் கட்டினாள்?" என்றாள். எனக்கு மறுமொழி வரவில்லை. சற்றுப் பொறுத்து அவளே, "மெத்தென்றுதான் இருக்கிறது" என்றாள்.

அக்கா இப்போது எங்களோடு இருக்கிறாள். டிரெயிலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்; கொளுக்கியைக் கழற்றவில்லை. அவள் வந்த அடுத்த ஞாயிறு சந்தைக்குப் புறப்பட்டபோது, எவரையும் கேளாமல் கதவைத் திறந்து ஏறி அமர்ந்துகொண்டாள். என் மனைவி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.